பட்டாளத்துச் சோறு

காட்டூர், திருச்சி
11 ஜூன் 2023

டேய் பீமா,

"வணக்கத்துக்குரிய பிக்கு சுமனசாரர் அவர்களுக்கு" என்று முதலில் எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பொன்மலைச் சந்தைக்குப் போனவள் நான். மொட்டை அடித்துக் காவி உடுத்திக்கொண்டால் எனக்கு மரியாதை தானாக வந்துவிடுமா? நாலு பேர் முன்னால் வேண்டுமானால் சாமி என்பதுபோலப் பந்தே என்கிறேன். கடிதத்தில் நீ பீமராவ்தான்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஜஹானாரா அக்கா வந்து சொன்ன பிறகுதான் அம்மாவும் நானும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். அவர் இங்கிருந்து நைட்டியும் சுடிதாரும் கொண்டுபோய் ரங்கூனில் விற்பவர் என்பது உனக்குத் தெரியும். அவரிடம் சரக்கு எடுக்க மண்டலேயிலிருந்து வரும் தமிழர் ஒருவர் வழியாக உன்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். போனை ஏன் அணைத்துப் போட்டாய்? பொங்கலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். பர்மியப் பாஷையில் ஒரு பெண் ஏதோ சொல்கிறாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நீ என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. ஊர்வலத்தில் போனாயாமே. உங்கள் மடத்துப் பெரியவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாமே. பட்டாளத்துக்காரர்களிடம் பிச்சை வாங்க மாட்டோம் என்று எல்லோரும் பாத்திரத்தைக் கவிழ்த்தீர்களாமே. இதையெல்லாம் நைட்டி விற்கிறவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அம்மா கேட்டது இது: "சோறு போடறவங்ககிட்ட கோவிச்சுக்கிட்டா, அப்புறம் எதுக்குப் பிச்சைப் பாத்திரம்?" இதற்கு நீயே அவளுக்குப் பதில் எழுது.

நான் ஸ்ரீரங்கத்தில் அதே மருந்துக் கடையில்தான் இருக்கிறேன். சேஷு சார் கல்லாவில், நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பக்கம். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அப்பாவை நினைக்கிறேன். அப்பா செத்ததற்கு நீ வரவில்லை. தீ வைத்தது நான். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன், சொல்லிவிட்டேன். புத்தர் இங்கேயும் இருக்கிறார். கிளம்பி வா.

இளவேனில்


9 ஜூலை 2023

அக்கா,

மேலே ஊர் பெயர் எழுதவில்லை. கோபப்படாதே.

போனை ஆற்றில் போட்டுவிட்டேன். இங்கே சாலைக்குச் சாலை நிறுத்திப் போனைத் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே வேண்டாத படம் ஒன்று இருந்தால் போதும், ஆளைக் காணோம். காகிதம் என்றால் மென்று விழுங்கிவிடலாம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அப்படித்தான் செய்தேன். உன் ரசத்துக்கு அது பரவாயில்லை.

அம்மாவிடம் சொல். கோபித்துக்கொண்டு அல்ல. பிக்குச் சங்கத்துக்கும் ஜனங்களுக்கும் கேடு செய்கிற ஒருவன் திருந்தும்வரை அவனிடம் பிச்சை ஏற்பதில்லை என்று பிக்குகள் கூடி முடிவு எடுக்கலாம். புத்தர் காலத்து விதி. இங்கே ஒரு வீட்டில் நடக்கப் பழகும் குழந்தை முதல் சாகக் கிடக்கும் கிழவர் வரை எல்லோரும் புண்ணியத்துக்குத்தான் பிக்குவின் பாத்திரத்தில் சோறு போடுகிறார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் அவனுக்குப் புண்ணியம் சேரும் வழியே அடைபட்டுவிடும். சுட்டால் திருப்பிச் சுட எங்களிடம் ஒன்றும் கிடையாது. துப்பாக்கி வைத்திருப்பவனும் பயப்படுகிற ஒரே காரியம் இதுதான். அதனால்தான் எங்களைத் தேடுகிறார்கள்.

எழுதுவது எளிது. மண்டலேயில் எங்கள் தெருவில் ஒரு அம்மா இருந்தார். நான் இந்த ஊருக்கு வந்து முதன்முதலாகப் பிச்சைக்குப் போன அன்று என் பாத்திரத்தில் சோறு போட்டவர். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வருவார். அவருடைய மகன் பட்டாளத்தில் கேப்டன். அவன் பணத்தில் பொங்கிய சோறு. முடிவு எடுத்த மறுநாள் அவர் வழக்கம்போலக் கரண்டியோடு வாசலில் நின்றார். நான் பாத்திரத்தை மூடிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் தாண்டிப் போனேன். அவர் ரோட்டில் மண்டியிட்டு அழுதது தெருமுனை வரைக்கும் கேட்டது.

அப்பா சாவுக்கு நான் வராததைப் பற்றி என்ன எழுதுவது? நீ சொன்னது சரி.

பீமா


காட்டூர்
20 ஆகஸ்ட் 2023

பீமா,

என் ரசத்தைப் பற்றிப் பேசுகிற நாக்கு இன்னும் அப்படியே இருக்கிறதே, சந்தோஷம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கேப்டனுடைய அம்மாவைப் பற்றி வந்ததும், "நிறுத்து" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு இப்போது எந்தப் பக்கம் அழுவது என்று தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்று வேண்டும். நீ எங்கே இருக்கிறாய் என்று எழுது. ஊர், தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது, எல்லாம். கடையில் மருந்துச் சீட்டைப் படித்தாலும் மனதில் நிற்பதில்லை. நேற்று ஒரு பாட்டியம்மாவுக்குப் பிரஷர் மாத்திரைக்குப் பதிலாகச் சர்க்கரை மாத்திரையை எடுத்துவிட்டேன். நல்லவேளையாகச் சேஷு சார் பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. "ஆத்துல ஏதாவது கவலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். தம்பி வெளியூரில் இருக்கிறான் என்றேன். வேறென்ன சொல்ல?

ஒருநாள் நீ இல்லாமல் போனால் நான் எந்த ஊருக்குப் போய் யார் வாசலில் நின்று கேட்பேன்? சொல். ஊர் பேர் தெரியாத தம்பியை நினைத்துப் பயப்பட எனக்குத் திராணி இல்லை. இடம் தெரிந்தால் அந்த இடத்தை நினைத்தாவது பயப்படுவேன்.

இளவேனில்


17 செப்டம்பர் 2023

அக்கா,

எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன்.

சகாயிங் மலைக்கு வடக்கே, ஆற்றோரமாக, மூடிக் கிடக்கும் பழைய ஓட்டுச் சூளைக்குப் பின்னால் ஒரு பெண் துறவிகள் மடம். பக்கத்து ஊர்களைப் பட்டாளம் கொளுத்தியபோது தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அவர்கள் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். நாங்கள் மூன்று பிக்குகள் வைக்கோல் போடும் கொட்டகையில் இருக்கிறோம். நான் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். பாலிடெக்னிக்கில் படித்ததை ஒருவழியாகப் பயன்படுத்துகிறேன் என்று அம்மாவிடம் சொல்லலாம். இடத்தை மட்டும் அம்மாவிடம்கூடச் சொல்லாதே.

ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகள் தாங்களாகவே பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் கரும்பலகைக்குப் பின்னால் ஒதுங்குகிறேன். பிக்குவுக்குப் பயம் இருக்காது என்று ஊரில் நினைப்பார்கள். எனக்கு இருக்கிறது, அக்கா. நிறையவே இருக்கிறது.

படித்ததும் கிழித்துவிடு. நீ மெல்ல வேண்டாம்.

பீமா


காட்டூர்
5 நவம்பர் 2023

பீமா,

இன்று உனக்குச் சந்தோஷமான சேதி.

நேற்று நம்முடைய பௌத்த மன்றத்தில் கடின சீவர தானம் நடந்தது. அப்பாவும் பொன்மலை ஒர்க்‌ஷாப் தோழர்களும் சிமென்ட் ஷீட் போட்டுக் கட்டிய அந்த ஹாலில். மழைக்காலம் முடிந்ததும் பிக்குகளுக்குக் காவி கொடுக்கும் அந்தச் சடங்குக்கு ஐந்து பிக்குகள் கூட வேண்டும் என்று நீதானே சொல்வாய்? நமக்கு எந்தக் காலத்தில் ஐந்து பேர் சேர்ந்து வந்தார்கள்? போன வாரம் மன்றச் செயலாளர் காத்தமுத்து அண்ணன் ஓடிவந்தார். நாகப்பட்டினம் போகும் வழியில் பர்மா யாத்திரைக் கூட்டம் ஒன்று திருச்சி ஹோட்டலில் தங்கியிருக்கிறது, பிக்குகளே ஏழு பேர், கூப்பிட்டால் வருவார்கள் என்றார். அவரை யாரும் நிறுத்த முடியுமா? போய் அழைத்தே வந்துவிட்டார்.

விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் காயும் வாழை இலையும் வாங்கினேன். காட்டூர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சமைத்தோம். பிக்குகளோடு வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். எல்லோரும் அவ்வளவு பணிவு. அவர்களுக்கு மொழிபெயர்க்கச் சுடலைமுத்து என்று ஒரு ரங்கூன் தமிழர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் இருந்து போனவர்களாம். அம்மாவிடம் அவ்வளவு வாஞ்சையாகப் பேசினார்.

சாப்பாடு முடிந்ததும் அவர்கள் வழக்கப்படி கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றி, புண்ணியம் யார் யாருக்குச் சேர வேண்டும் என்று பேர் சொல்லச் சொன்னார்கள். அம்மா என்னையே ஊற்றச் சொன்னாள். அப்பா பேரைச் சொன்னேன். இதற்கெல்லாம் அப்பா சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். புண்ணியம் என்ன மணியார்டரா, அனுப்பினால் போய்ச் சேர என்பார். நானும் அப்படித்தான் பேசுகிறவள். ஆனால் கையில் தண்ணீரோடு உட்கார்ந்தபோது உன் முகம் தவிர வேறு எதுவும் வரவில்லை. உன் பிக்குப் பேரைச் சொன்னேன். சுடலைமுத்து மெதுவாகக் கேட்டார், "எங்க இருக்காருன்னும் சொல்லும்மா. இடத்தைச் சொன்னாத்தானே புண்ணியம் அவரைத் தேடிப் போகும்." சொன்னேன். மலை, ஆறு, ஓட்டுச் சூளை, எல்லாம். பிக்குகள் மூன்று முறை சாது, சாது என்று வாழ்த்தினார்கள். அம்மா அழுதாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஜஹானாரா அக்கா பதினைந்தாம் தேதி போகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இளவேனில்


காட்டூர்
14 நவம்பர் 2023

பீமா,

மேலே இருக்கும் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். நான் என்ன செய்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் சேர்த்தே அனுப்புகிறேன். அங்கிருந்து உடனே போய்விடு. இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், முதலில் போ.

நேற்று சுடலைமுத்து தனியாகக் கடைக்கு வந்தார். நான் ஸ்ரீரங்கத்தில் வேலை செய்கிறேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. தலைவலித் தைலம் ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. "பெரியவங்களுக்கு உங்க தம்பி மேல ரொம்ப மரியாதைம்மா. நேர்ல பார்த்துக் காவி கொடுக்கணும்னு ஆசைப்படறாங்க. ஓட்டுச் சூளைக்கு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஊர்வலத்தில் பேனர் பிடித்துக்கொண்டு நீ. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இவருதானே?" என்றார்.

இல்லை என்றேன். நான் பொய் சொல்வது எனக்கே கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். சேஷு சார் என்ன கண்டாரோ, கல்லாவில் இருந்தபடியே, "மருந்து வாங்கியாச்சோன்னோ, நகருங்கோ. பின்னாடி கூட்டம் நிக்கறது" என்றார். பின்னால் யாரும் இல்லை. சுடலைமுத்து போனதும் நேராக ஜஹானாரா அக்கா வீட்டுக்குப் போனேன்.

காத்தமுத்து அண்ணன் எடுத்த குரூப் போட்டோவை ஜஹானாரா அக்காவிடம் காட்டினேன். நடுவில் கைகட்டி நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரர் கர்னலாம், அங்கே டிவியில் பார்த்த முகமாம். உன் பக்கத்து ஊர்களெல்லாம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறதாம். அந்த ஆளுக்கு நான் என் கையால் இலையில் பாயசம் ஊற்றினேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போய்விடு பீமா. எங்கே போகிறாய் என்று எனக்கு எழுதாதே. இனிமேல் கேட்கவே மாட்டேன்.

இளவேனில்


3 டிசம்பர் 2023

அக்கா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. அவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள்.

அடிக்கவில்லை, கத்தவில்லை. மூன்று ஜீப். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கர்னல் என்னை விழுந்து வணங்கினார். ஒரு கட்டு காவித் துணியை வைத்தார். "உங்கள் அக்கா எங்களை நன்றாக உபசரித்தார். பாயசம் பிரமாதம்" என்றார். பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் இருந்தார்கள். அவர் குனிந்து ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தார்.

பொய் எழுதக் கூடாது. அன்று முழுக்க உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். மறுநாள் உன் கடிதம் கிடைத்ததும், தண்ணீர்க் கிண்ணத்தோடு நீ உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். எனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதானே நீ சொன்னாய். அதன் பிறகு கோபம் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது.

கர்னல் கேட்பது இதுதான். இந்தப் பௌர்ணமிக்குப் பெரிய தான விழா. டிவி வருகிறது. பட்டாளத்துக்காரர்கள் வரிசையாக நின்று பிக்குகளுக்குச் சோறு போடுவார்கள். வரிசையில் முதலில் நான் போக வேண்டும். புத்தர் ஞானம் பெற்ற தேசத்துப் பிக்குவே வாங்கிக்கொண்டார் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். ஒரு கரண்டி வாங்கினால் மறுநாள் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வாங்காவிட்டால் வழக்கு தயாராக இருக்கிறது.

என்னோடு இருந்த இருவர் இரவோடு இரவாகப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நானும் போய்விட்டால் மடத்தைக் கேட்பார்கள், பிள்ளைகளைக் கேட்பார்கள். அதனால் இருக்கிறேன். வீரம் என்று நினைத்துவிடாதே. ஜீப் சத்தம் கேட்டால் இப்போதும் கரும்பலகைக்குப் பின்னால்தான் போகிறேன்.

நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? உன் பதில் வருவதற்குள் பௌர்ணமி வந்துவிடும். ஆனாலும் கேட்கத் தோன்றியது.

பீமா


காட்டூர்
16 டிசம்பர் 2023

வணக்கத்துக்குரிய பிக்கு சுமனசாரர் அவர்களுக்கு உபாசிகா இளவேனில் வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கு தாயார் பாப்பாயி அம்மாளும் நானும் நலம். இந்தக் கடிதத்தைத் திரு. சுடலைமுத்து அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதுகிறேன். அவர் எதிரில் அமர்ந்து காபி சாப்பிடுகிறார். கடிதம் சீக்கிரம் தங்கள் கைக்குக் கிடைக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்.

நடைபெறவிருக்கும் தான விழாவில் தாங்கள் கலந்துகொண்டு பிச்சை ஏற்றுக்கொள்ளும்படி தாயார் சார்பிலும் என் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் நலமாக ஊர் திரும்புவதற்கு எல்லா உதவியும் செய்வதாகப் பெரியவர்கள் வாக்களித்திருக்கிறார்கள். தாயாருக்கு உடல்நிலை முன்போல இல்லை. தங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

இதுவரைக்கும் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. அவர் படித்துப் பார்ப்பார், பார்க்கட்டும். இனி நான் எழுதுகிறேன். நீ கேட்டாயே, உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று. வாங்கிக்கொள்வேன் பீமா. ஒரு கரண்டி சோறு. வாங்கி ஆற்றில் கொட்டு, நாய்க்குப் போடு. யார் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். உயிரோடு வா.

இளவேனில்


பிப்ரவரி 2024. தேதி சரியாகத் தெரியவில்லை.

அக்கா,

சுருட்டுக் கட்டின் உள்தாளில் எழுதுகிறேன். எழுத்து பொடியாக இருக்கும். கொண்டுவருபவர் வெள்ளைச்சாமி. மண்டலேயில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்த தமிழர். சிறையில் என் அறையில் இருக்கிறார், விடுதலையாகப் போகிறார். ஜஹானாரா அக்காவிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் விழாவுக்குப் போனேன். வாங்கிவிடலாம் என்றுதான் நடந்தேன். இதை நீ நம்ப வேண்டும். கடைசிக் கட்டம் வரைக்கும் எனக்கு அந்த எண்ணம்தான். ரோட்டின் இருபுறமும் பக்கத்துக் கிராமத்து ஜனங்களை லாரியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வீடு எரிந்துபோனவர்கள். ஆள் ஆளுக்குக் கையில் ஒரு கொடி. அவர்கள் கர்னலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எல்லோரும் என் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கர்னல் கரண்டியை நீட்டினார். நான் யோசித்துச் செய்யவில்லை. பாத்திரம் கவிழ்ந்துவிட்டது, சோறு தரையில் விழுந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் கொடியைக் கீழே வைத்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக ரோட்டில் உட்கார்ந்து என்னைக் கும்பிட்டார்கள். அதன் பிறகு பட்டாளத்துக்காரர்கள் என்னை அடித்தார்கள்.

காவியை உருவிக்கொண்டு நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் நான் பிக்கு இல்லை. என் கணக்கில் மாற்றம் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும். சிறையில் போடுகிற சோறும் பட்டாளத்துச் சோறுதான். அவர்களிடம் பாத்திரத்தைக் கவிழ்த்தவன் இங்கே வந்து தட்டை நீட்ட முடியாது. நீட்டவில்லை. வெள்ளைச்சாமிக்கு அவர் மனைவி வாரம் தோறும் பொட்டலம் கொண்டுவருவார். அதில் ஒரு பங்கு எனக்கு வைத்துவிடுவார். காய வைத்த சோறு, கருவாட்டுப் பொடி. அதைத்தான் நாளுக்கு ஒரு பிடியாக, நண்பகலுக்கு முன்னால் சாப்பிட்டு வருகிறேன். நண்பகல் தாண்டினால் பிக்கு சாப்பிடக் கூடாது. நாளை மறுநாள் அவர் போகிறார். நல்ல சேதிதானே. அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள்.

ரத்த உறவாக இருந்தால் வாசலில் பொட்டலம் வாங்கிக்கொள்வார்கள். பிக்கு யாரிடமும் சோறு கேட்கக் கூடாது, உறவினரிடம் மட்டும் கேட்கலாம் என்று எங்கள் விதி சொல்கிறது. நான் கேட்கவில்லை. நீ இந்தப் பக்கம் வரவே கூடாது. வந்தவர்களையும் பிடித்து வைக்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்.

பீமா


காட்டூர்
3 மார்ச் 2024

பீமா,

கேட்கவில்லையாம். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கேட்கவில்லை என்று ஒரு வரி. சின்ன வயதில் தின்பண்ட டப்பாவைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நிற்பாயே, அதே பிள்ளைதான் நீ.

உன் மேல் கோபமாக இருக்கிறேன். வாங்கிக்கொள் என்று நான் எழுதியது யாரும் கையைப் பிடித்து எழுத வைத்தது இல்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். ஆனால் நீ கவிழ்த்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அவள் என்னை நிறுத்தவில்லை. மறுபடி படிக்கச் சொன்னாள். ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து கும்பிட்டார்கள் என்று வந்ததும், "உங்க அப்பா இருந்து கேட்டிருக்கணும்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் நானும் அழுதேன்.

வெள்ளைச்சாமி அண்ணன் ரங்கூனிலிருந்து ஜஹானாரா அக்காவின் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நீ எழுதாததையெல்லாம் அவர் சொன்னார். உனக்கு எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறதாம். உள்ளே மற்றவர்களுக்கும் சொந்தக்காரர்கள் வரப் பயந்து, பொட்டலம் வருவது நின்றுபோய்விட்டதாம். தன் பங்கில் மிச்சம் பிடித்த சோற்றை உன்னிடம் வைத்துவிட்டு வந்திருக்கிறார். "சிக்கனமாத் தின்னா பங்குனி பொறக்கிற வரைக்கும் வரும்மா" என்றார்.

மனுக் கொடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் கொடுத்துவிட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். அவர்கள் விசாரிக்கட்டும். பங்குனி அதற்காகக் காத்திருக்காது.

சுடலைமுத்து முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். நான் பர்மாவுக்கு விசா எடுத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அங்க வந்தீங்கன்னா திரும்பிப் போறதுக்கு நான் பொறுப்பில்லைம்மா" என்றார். உங்களை யாரும் பொறுப்பாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். சத்திரம் ஸ்டாப் வந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார்.

சேஷு சாரிடம் எல்லாம் சொன்னேன். அவர் என்னைப் போகாதே என்று சொல்வார் என்று நினைத்தேன். சத்துமாவு, குளுக்கோஸ், ஓஆர்எஸ் பாக்கெட் எல்லாம் அவரே எடுத்து ஒரு பையில் போட்டார். பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதல் நாளே நிறையக் கொடுத்துவிடாதே, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்று இரண்டு தடவை சொன்னார்.

அம்மாவின் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்துவிட்டேன். காத்தமுத்து அண்ணன் வீட்டில் தினமும் வந்து பார்த்துக்கொள்வார்கள். கர்னலை அழைத்து வந்தவர் தான்தான் என்று அவர் இன்னும் ஆறாமல் இருக்கிறார், அதனால் மறக்க மாட்டார். நான் கிளம்புவதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஊருக்கு விட்டுக் கொடுக்கிறவள் அவள். நேற்று முழுக்க அரிசி வடித்து மொட்டை மாடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கை வராமல் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. சோற்றோடு நானே கொண்டு வருகிறேன். எனக்குப் பர்மியப் பாஷை தெரியாது. விமானத்தில் ஏறியது கிடையாது. உன்னைப் பிடித்து வைத்திருக்கும் வாசலில் போய் நின்று, நான் இவனுடைய அக்கா என்று சொல்ல வேண்டும், அந்த ஒரு வரியை மட்டும் வெள்ளைச்சாமி அண்ணனிடம் பர்மியப் பாஷையில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே விடுவார்களா, என்னையும் உள்ளே வைத்துக்கொள்வார்களா, ஒன்றும் தெரியாது.

சிறை வாசல் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறதாம். வெள்ளைச்சாமி அண்ணனின் மனைவி கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டாவது உட்கார்ந்திரு.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவேன்.

அக்கா